நாடாளுமன்றத்தை விட்டு விலகும் திறமையாளர்கள்: காலியாவது இருக்கை மட்டுமா?

புது தில்லி: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மாநில சட்டப்பேரவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டால், இரண்டு பதவிகளையும் அவர் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வெற்றி அரசிதழில் வெளியான 14 நாள்களுக்குள் பேரவைப் பதவியை அவர் ராஜிநாமா செய்ய வேண்டும். செய்யத் தவறினால், தானாகக் காலியாவது நாடாளுமன்ற இருக்கைதான். 1950-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி இது.

இந்த விதி பெரும்பாலும் எவர் கவனத்துக்கும் வருவதில்லை. ஆனால், 2023 டிசம்பரில் அது தலைநகரின் பேச்சுப் பொருளானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் பேரவைத் தேர்தல்களில் பாரதிய ஜனதா தனது 21 எம்.பி.க்களைக் களமிறக்கியது. அவர்களில் 12 பேர் வென்றனர். வென்ற 12 பேருமே நாடாளுமன்றத்தைத் துறந்து மாநிலத்துக்குச் சென்றனர். தெலங்கானாவில் ஆட்சியைப் பிடித்த காங்கிரஸிலும் இதே நிலைதான். மல்காஜ்கிரி எம்.பி.யாக இருந்த ரேவந்த் ரெட்டி முதல்வரானார். உத்தம் குமார் ரெட்டியும் கோமட்டிரெட்டி வெங்கட் ரெட்டியும் அமைச்சர்களாயினர்.

மக்களவையின் பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்ததால், காலியான இடங்களுக்கு இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. விளைவு, பத்துக்கும் மேற்பட்ட மக்களவைத் தொகுதிகளின் வாக்காளர்களுக்கு 2024 பிப்ரவரியில் நடைபெற்ற இறுதிக் கூட்டத்தொடரில் பிரதிநிதியே இல்லை. இடைக்கால நிதிநிலை அறிக்கை தாக்கலான கூட்டத்தொடர் அது.

ஐந்து வாரங்களில் நால்வர்: மாநிலப் பதவிக்காகச் சென்றவர்கள் ஒருபுறம் இருக்க, வேறு எந்தப் பதவியையும் ஏற்காமலேயே விலகியவர்களும் உண்டு. 2024 ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான ஐந்து வாரங்களில் மட்டும், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத நான்கு எம்.பி.க்கள் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தனர்.

முதலாமவர், குண்டூர் தொகுதியின் தெலுங்கு தேச எம்.பி. கல்லா ஜெயதேவ். 2018 ஜூலையில் மோடி அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது முதல் உரையை நிகழ்த்தி, நாடு முழுவதும் கவனம் பெற்றவர். தொழிலையும் முழுநேர அரசியலையும் ஒருசேரக் கவனிப்பது கடினமாகிவிட்டது என்று கூறி அவர் விலகினார். விசாரணை அமைப்புகளால் தனக்கு நேர்ந்த நெருக்கடியையும் அவர் குறிப்பிட்டார்.

இரண்டாமவர், மேற்கு வங்கத்தின் ஜாதவ்பூர் எம்.பி. மிமி சக்கரவர்த்தி. 2019-இல் 30 வயதில் மக்களவைக்கு வந்த இந்த நடிகை, அரசியல் தனக்கு ஏற்றதல்ல என்று கூறி, தனது ராஜிநாமா கடிதத்தைத் திரிணமூல் தலைவர் மம்தா பானர்ஜியிடம் அளித்தார்.

மார்ச் 2-ஆம் தேதி ஒரே நாளில் பாஜகவின் இருவர் இதே வழியில் சென்றனர். கிழக்கு தில்லி எம்.பி.யான கிரிக்கெட் வீரர் கௌதம் கம்பீர், கிரிக்கெட் பணிகளில் கவனம் செலுத்த விரும்புவதாகக் கூறினார். ஜார்க்கண்டின் ஹஸாரிபாக் எம்.பி. ஜெயந்த் சின்ஹா, பருவநிலை மாற்றம் தொடர்பான பணிகளில் ஈடுபட விரும்புவதாகக் கூறி, நேரடித் தேர்தல் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்குமாறு கட்சித் தலைமையைக் கேட்டுக்கொண்டார்.

இந்த நால்வரும் வயதில் இளையவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், நாடாளுமன்ற வாழ்வில் இளையவர்களே. எவரும் மக்களவையில் இரண்டு முறைக்கு மேல் இருந்ததில்லை. வாய்ப்பு மறுக்கப்படும் என்பதை உணர்ந்து சிலர் முந்திக்கொண்டனர் என்ற பேச்சும் அப்போது எழாமல் இல்லை. அது ஓரளவு உண்மையாகவே இருந்தாலும், மற்றொரு கேள்வி மிஞ்சுகிறது. தொழில், கலை, விளையாட்டு, நிதி ஆகிய துறைகளில் பெயர் பெற்று அவைக்கு வந்தவர்களுக்கு, அந்த அவை தக்கவைத்துக்கொள்ளும் இடமாக ஏன் இல்லை?

மாநிலத்தின் ஈர்ப்பு: முதல் விடை எளிய கணக்கில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, மத்திய அமைச்சரவையின் எண்ணிக்கை மக்களவையின் மொத்த இடங்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 543 உறுப்பினர்கள் என்றால், பிரதமரையும் சேர்த்து அதிகபட்சம் 81 அமைச்சர்கள். 2019-இல் பாஜகவுக்கு மக்களவையில் மட்டும் 303 எம்.பி.க்கள். மாநிலங்களவை உறுப்பினர்களும் கூட்டணிக் கட்சியினரும் தனி. ஆளும் கட்சியிலேயே பெரும்பாலான எம்.பி.க்கள் ஐந்து ஆண்டுகளையும் பின்வரிசையில் கழிக்க வேண்டியதுதான்.

மாநிலத்திலும் இதே 15 சதவீத வரம்பு உண்டு. எனினும், 200 இடங்கள் கொண்ட ராஜஸ்தானில் 115 இடங்களை வென்ற கட்சிக்கு 30 பேர் வரை அமைச்சராகும் வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒருவருக்கு அதிகாரம். ராஜ்சமந்த் எம்.பி. தியா குமாரி ராஜஸ்தான் துணை முதல்வரானதும், முதல் முறையாக மக்களவைக்கு வந்த பிலாஸ்பூர் எம்.பி. அருண் சாவ் சத்தீஸ்கர் துணை முதல்வரானதும் இப்படித்தான். ஒலிம்பிக் பதக்கம் வென்றவரும் முன்னாள் மத்திய அமைச்சருமான ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், ஜெய்ப்பூரில் மாநில அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

பணிகளின் தன்மையும் மாறுபடுகிறது. பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், குடிநீர் ஆகிய மக்களின் அன்றாடத் தேவைகள் அனைத்தும் மாநில அரசின் கையில் உள்ளன. ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் பல பேரவைத் தொகுதிகள் அடங்கியிருக்கும். ஆனால், மாவட்ட ஆட்சியர் முதலில் செவிசாய்ப்பது ஆளும் கட்சி எம்.எல்.ஏ.வுக்குத்தான். எம்.பி.யின் கையில் இருப்பது ஆண்டுக்கு ரூ. 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி. கரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் அதுவும் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில்தான் மீண்டும் வழங்கப்பட்டது.

பஞ்சாபின் சங்ரூர் தொகுதி இதற்கு மற்றொரு சான்று. அங்கு 2014, 2019 தேர்தல்களில் வென்ற பகவந்த் மான், 17-ஆவது மக்களவையில் ஆம் ஆத்மி கட்சியின் ஒரே உறுப்பினராக இருந்தார். 2022 மார்ச்சில் அவர் பஞ்சாப் முதல்வரானதும் அவரது மக்களவைப் பதவி காலியானது. அடுத்து வந்த இடைத்தேர்தலில் அக்கட்சி தோற்றது. ஒரு பெரிய மாநிலத்தை ஆளும் கட்சிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத நிலை, 2023 மே மாதம் ஜலந்தர் இடைத்தேர்தலில் வெல்லும் வரை நீடித்தது.

தமிழகமும் இதற்கு விலக்கல்ல. 2021 பேரவைத் தேர்தலில் வென்ற அதிமுக மூத்த தலைவர்கள் கே.பி. முனுசாமியும் ஆர். வைத்திலிங்கமும் தங்கள் மாநிலங்களவைப் பதவிகளைத் துறந்தனர். இத்தனைக்கும் அதிமுக அந்தத் தேர்தலில் ஆட்சியை இழந்திருந்தது. காலியான அந்த இரு இடங்களும் திமுக வசம் சென்றன. தில்லியில் இரண்டு இடங்களை இழக்க நேரும் என்று தெரிந்தே, பேரவையின் எதிர்க்கட்சி வரிசையை அவர்கள் தேர்ந்தெடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கொறடாவின் கட்டளை: ஆனால், அதிகாரத்தின் ஈர்ப்பு மட்டுமே முழு விடையாகாது. அவைக்குள் இருக்கும்போது உறுப்பினர் தன் அறிவைப் பயன்படுத்த எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது அதைவிட முக்கியமானது.

ராஜீவ் காந்தி ஆட்சியில் 1985-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவியைப் பறிக்க வழி செய்கிறது. கட்சி மாறி ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால், ஆட்சியின் ஆயுளோடு தொடர்பில்லாத சாதாரண மசோதாவுக்கும் இந்தத் தண்டனை பொருந்தும். ஒரு மசோதாவை ஆழமாகப் படித்து, அதில் பிழை கண்டு, அதை அவையில் எடுத்துரைக்கும் உறுப்பினரும் இறுதியில் கட்சி சொன்ன பக்கமே வாக்களித்தாக வேண்டும்.

பிரிட்டனில் நிலை வேறு. 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் விவகாரத்தில் ஆளும் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் 21 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். கட்சி அவர்களை நீக்கியது, ஆனால், எம்.பி. பதவியை எவராலும் பறிக்க முடியவில்லை. இந்தியாவில் அந்த 21 பேரும் அவையை விட்டே வெளியேற நேர்ந்திருக்கும்.

கொறடா உத்தரவை, ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. தேர்தல் சீர்திருத்தங்களுக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலும், சட்ட ஆணையம் தனது 170-ஆவது அறிக்கையில் 1999-இலும் ஏறத்தாழ இதையே பரிந்துரைத்தன. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதாவை ஒரு முறைக்கு மேல் கொண்டுவந்தார். ஆளுங்கட்சியாக இருக்கும்போது எந்தக் கட்சியும் இதில் ஆர்வம் காட்டியதில்லை.

கட்சியோடு முரண்படுபவருக்கு என்ன வழி என்பதற்கு ஒடிஸாவின் வைஜயந்த் பாண்டா உதாரணம். 36 வயதில் மாநிலங்களவைக்கு வந்து, பின்னர் கேந்திரபாடா தொகுதியிலிருந்து இரு முறை மக்களவைக்குத் தேர்வானவர். பிஜு ஜனதா தளத் தலைமையுடன் ஏற்பட்ட மோதலில் 2018 ஜனவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டார். கட்சியை விட்டு விலகியதோடு எம்.பி. பதவியையும் துறந்தார். பாஜகவில் சேர்ந்து 2019-இல் தோற்று, 2024-இல் அதே தொகுதியில் வென்று திரும்பினார். தலைமையோடு ஏற்பட்ட ஒரு பிணக்குக்கு அவர் கொடுத்த விலை, ஆறு ஆண்டுகள்.

சுருங்கிய அவை: பேசுவதற்கான நேரமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதலாவது மக்களவை 677 நாள்கள் கூடியது. ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள்கள். 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவை கூடியது 274 நாள்கள் மட்டுமே. ஆண்டுச் சராசரி 55. அந்த மக்களவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மசோதாக்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதத்தோடு நிறைவேறின. நாட்டையே உலுக்கிய மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா, 2021 நவம்பர் 29-இல் இரு அவைகளிலும் விவாதமின்றியே நிறைவேறியது. 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அமளிக்கு எதிர்க்கட்சிகளும், விவாத மறுப்புக்கு ஆளும் கட்சியும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டுவது வழக்கம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் காட்சி மாறியதில்லை. இதில் அதிகம் இழப்பவர், தயாரித்து வைத்த உரையோடு தன் முறைக்காகக் காத்திருக்கும் முதல் முறை எம்.பி.தான். நேரம் கட்சியின் பலத்துக்கேற்ப ஒதுக்கப்படுகிறது. மூத்தவர்கள் பேசி முடித்தபின் அவருக்கு எஞ்சுவது சில நிமிடங்களே.

உறுப்பினர் தன் சொந்த முயற்சியில் சட்டம் இயற்ற முடியுமா? அதற்கென வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கப்பட்டுள்ளது. தொகுதிக்குத் திரும்பும் அவசரத்தில் பலர் விமான நிலையம் சென்றுவிடும் நேரம் அது. சுதந்திரத்துக்குப் பின் நாடாளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். திருநங்கைகள் உள்ளிட்ட மாற்றுப் பாலினத்தவரின் உரிமைகளுக்காகத் திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் மாநிலங்களவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. ஆனால், மக்களவையில் அது நிறைவேறவில்லை.

நிலைக்குழுவில் கிடைத்த இடம்: திறமைக்கு இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. விலகிச் சென்ற அதே ஜெயந்த் சின்ஹா, நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவராக இருந்தவர். பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் சந்தைப் போட்டியை நசுக்குவது குறித்து அக்குழு 2022 டிசம்பரில் விரிவான அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து, எண்மச் சந்தைப் போட்டிக்கான புதிய சட்டம் குறித்து ஆராய மத்திய அரசு குழு அமைத்தது; வரைவு மசோதாவும் 2024 மார்ச்சில் வெளியானது.

1993-இல் ஏற்படுத்தப்பட்ட துறைவாரி நிலைக்குழுக்களில் கொறடாவின் உத்தரவு இல்லை. தொலைக்காட்சிக் கேமராவும் இல்லை. அதனால், கட்சி எல்லையைக் கடந்து உறுப்பினர்கள் மனம் விட்டுப் பேசுகின்றனர். ஒரு துறையின் நுணுக்கத்தை அறிந்து, அதிகாரிகளைச் சரியான கேள்வி கேட்கும் தேர்ச்சி பெற ஓர் எம்.பி.க்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்தத் தேர்ச்சி கைகூடும் வேளையில் அவர் விலகினால், அவரோடு சேர்ந்து அந்த அனுபவமும் அவையை விட்டுச் செல்கிறது. அடுத்து வருபவர் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும்.

ஆனால், அந்த நிலைக்குழுக்களின் நிலையும் நன்றாக இல்லை. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. 17-ஆவது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சரிந்தது. உறுப்பினர்களுக்கு உதவ ஆய்வு உதவியாளர்களும் போதிய அளவில் இல்லை. தனியார் ஆய்வு அமைப்பு ஒன்று 2010-இல் தொடங்கிய திட்டத்தின் மூலம் இளைஞர்கள் சிலர் எம்.பி.க்களுக்கு உதவியாளர்களாக அமர்த்தப்படுகின்றனர். மற்றவர்கள் தங்கள் சொந்த முயற்சியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

திரும்பி வந்தவர்: எல்லோரும் போய்விடுகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 2009 முதல் தொடர்ந்து வென்றுவரும் சுப்ரியா சுலே, கேள்விகளாலும் விவாதங்களாலும் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றவர். ஹிமாசலத்தின் அனுராக் தாக்குர், 2008 இடைத்தேர்தலில் தொடங்கி, மத்திய அமைச்சராக உயர்ந்தவர். இருவருமே அரசியல் குடும்பத்தின் வாரிசுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தையின் கட்சியோ செல்வாக்கோ பின்னால் இருப்பவரால் பொறுமையாகக் காத்திருக்க முடிகிறது. அந்தப் பின்புலம் இல்லாதவருக்கு, அடுத்த தேர்தலில் போட்டியிட வாய்ப்புக் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை.

சமாஜவாதி தலைவர் அகிலேஷ் யாதவின் பயணம் இரு திசைகளையும் காட்டுகிறது. 2012-இல் 38 வயதில் உத்தரப் பிரதேச முதல்வராகி, கன்னௌஜ் மக்களவைத் தொகுதியைத் துறந்தார். 2022-இல் பேரவையின் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்புக்காக ஆஸம்கர் மக்களவைத் தொகுதியைத் துறந்தார். இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை அவரது கட்சி பாஜகவிடம் பறிகொடுத்தது. ஆனால், 2024-இல் அவரது கட்சி 37 மக்களவை இடங்களை வென்றபோது, அவர் பேரவையை விட்டு கன்னௌஜ் எம்.பி.யாகத் தில்லிக்குத் திரும்பினார். அந்த முறை மக்களவையில் தன் குரலுக்கு எடை இருக்கும் என்று அவர் கணித்தார். எடை இருக்கும் இடத்துக்கு அரசியல்வாதி வருவார் என்பதே இதிலிருந்து தெரிவது.

நால்வருக்கு வயது 25: முதலாவது மக்களவையில் 40 வயதுக்கு உள்பட்டவர்கள் 26 சதவீதம். 17-ஆவது மக்களவையில் அது 12 சதவீதம். 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் சராசரி வயது 56. அதே அவையில், தேர்தலில் நிற்பதற்கான குறைந்தபட்ச வயதான 25-ஐ எட்டிய உடனேயே வென்று வந்தவர்கள் நால்வர். பிகாரின் சமஸ்திபூரிலிருந்து ஷாம்பவி சௌத்ரி, ராஜஸ்தானின் பரத்பூரிலிருந்து சஞ்ஜனா ஜாதவ், உத்தரப் பிரதேசத்தின் கௌசாம்பியிலிருந்து புஷ்பேந்திர சரோஜ், மச்லிஷஹரிலிருந்து பிரியா சரோஜ்.

நால்வரும் தனித் தொகுதிகளில் வென்று, மூன்று கட்சிகளின் கொறடாக்களுக்குக் கட்டுப்பட்டு உறுதிமொழி ஏற்றவர்கள். இவர்கள் 45 வயதிலும் இந்த அவையில் இருப்பார்களா, அல்லது இரண்டு தேர்தல்களுக்குப் பின் மாநிலத் தலைநகருக்கோ வேறு தொழிலுக்கோ சென்றுவிடுவார்களா என்பது இவர்களது மன உறுதியை மட்டும் பொறுத்ததல்ல.

ஆண்டுக்கு இத்தனை நாள்கள் அவை கூட வேண்டும் என்ற கட்டாயம், மசோதாக்களை நிலைக்குழுவுக்கு அனுப்பும் நடைமுறை, கொறடா உத்தரவுக்கு வரம்பு, உறுப்பினருக்கு ஆய்வு உதவி. இவை எதுவும் புதிய யோசனை அல்ல. எதற்கும் பெரிய செலவும் இல்லை. ஆனால், இவை ஒவ்வொன்றும் கட்சித் தலைமையிடம் இருக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதியை உறுப்பினருக்கு மாற்றித் தருபவை. ஆண்டவர்களும் ஆள்பவர்களும் இவற்றைத் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம் அதுதான்.

1950-ஆம் ஆண்டின் விதி, முடிவெடுக்க 14 நாள்கள் தருகிறது. 2023 டிசம்பரில் வென்றவர்களில் பலருக்கு அந்த அவகாசமே தேவைப்படவில்லை. முடிவுகள் வெளியான மூன்றாம் நாளே அவர்களின் ராஜிநாமா கடிதங்கள் மக்களவைத் தலைவரிடம் சேர்ந்துவிட்டன.